மருந்தேற்றும் நாட்களும் வீட்டாரின் கடமையும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்துச் சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிலிருந்து பணிசெய்பவர் ஆகிய நான்கும் சேர்ந்தாற்றான் அது வைத்தியம். இந்த நாலாவது கூறு எவ்வளவு பெரியது என்பதை நுரையீரற் புற்றுநோய்க்கு மருந்தேற்றும் குடும்பங்கள் நன்கு அறியும். கீமோதெரபி என்று வைத்தியசாலையில் சொல்லப்படும் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுகிறது. நோயாளி வைத்தியசாலையில் இருப்பது அநேகமாக ஒருநாள். மிகுதி இருபது நாட்களும் வீட்டிலேயே கழிகின்றன. பக்கவிளைவுகள் தலைகாட்டுவதும் அந்த இருபது நாட்களிலேதான்.

தமிழ் வீடுகளில் முனகாமல் நோவைப் பொறுத்துக்கொள்பவரை நல்ல நோயாளி என்று புகழும் வழக்கம் உண்டு. "அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், அவ்வளவு பொறுமை" என்று பிள்ளைகள் பெருமையோடு சொல்வார்கள். மற்ற நோய்களில் எப்படியோ, இந்தச் சிகிச்சைக் காலத்தில் அந்தப் பொறுமை உயிருக்கே உலைவைக்கக்கூடியது. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நுரையீரல் உட்படப் பல இடங்களில் பரவிய புற்றுநோயுள்ள 766 பேர் அதிற் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் தமக்கு நேரும் குமட்டல், களைப்பு, மூச்சுத்திணறல் முதலியவற்றைக் கணினி மூலம் ஒழுங்காகத் தெரிவித்தார்கள். நிலைமை மோசமானால் தாதியருக்கு உடனே செய்தி போயிற்று. மற்றப் பகுதியினர் வழக்கம்போல வைத்தியரைச் சந்திக்கும்போது மட்டும் சொன்னார்கள். முதற் பகுதியினரின் நடுநிலை ஆயுள் 31 மாதம். மற்றவர்களுடையது 26 மாதம். இரு பகுதியினருக்கும் இடையே இருந்த வேறுபாடு புதிய மருந்து எதுவுமன்று. உள்ளதை உள்ளபடி, உரிய வேளையிற் சொன்னதும், அதைக் கேட்டவர்கள் உடனே கவனித்ததுமே.

மருந்து செய்யும் வேலை

நுரையீரற் புற்றுநோய்க்கு நெடுங்காலமாகப் பயன்படும் மருந்து சிஸ்பிளாட்டின். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பார்னெற் றோசன்பேர்க் என்னும் விஞ்ஞானி பிளாட்டினம் கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்திக் கிருமிகளை ஆராய்ந்தபோது, அந்தக் கிருமிகள் பெருகாமல் நின்றுவிட்டதைக் கண்டார். அதிலிருந்து பிறந்த மருந்து 1978இல் அங்கே அங்கீகாரம் பெற்றது. அதன் பின்வந்த காபோபிளாட்டின் சிறுநீரகத்துக்குச் சற்று இதமானது. ஆனால் குருதிக் கலங்களை அதிகம் குறைப்பது. இவற்றில் ஒன்றோடு எட்டோபோசைட், பெமெட்றெக்செட், பக்ளிற்றாக்சல், ஜெம்சிற்றபைன் போன்ற இன்னொரு மருந்தும் சேர்த்து நான்கு முதல் ஆறு தடவை கொடுப்பது வழக்கம்.

வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குவதே இம்மருந்துகளின் தொழில். புற்றுநோய்க் கலங்கள் அவ்வாறு பெருகுபவை. ஆனால் வாயின் உட்தோல், குடலின் உட்பகுதி, முடிவேர், குருதியை உண்டாக்கும் எலும்பு மச்சை ஆகியவற்றின் கலங்களும் அவ்வாறே பெருகுபவை. ஆகவே அவையும் அடிபடுகின்றன. வாய்ப்புண், வயிற்றோட்டம், முடி உதிர்தல், குருதிக்குறைவு ஆகியவை வருவது இதனாலேயே. பெரும்பாலானவை மருந்து நின்றபின் சீராகும்.

காய்ச்சலுக்கு விடியும்வரை காத்திருக்கலாகாது

எல்லாப் பக்கவிளைவுகளிலும் முதன்மையாக அஞ்சத்தக்கது காய்ச்சல். கிருமிகளோடு போராடும் வெண்குருதிக் கலங்கள், மருந்தேற்றி ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களுக்குள் மிகவும் குறைந்துபோகின்றன. அந்த வேளையில் உடம்புக்குள் புகும் கிருமி, தடுப்பார் இல்லாமல் சில மணி நேரத்துக்குள் குருதி முழுதும் பரவிவிடலாம். சீழோ வீக்கமோ வெளியே தெரியாது. காய்ச்சல் ஒன்றே அடையாளம். சிலருக்கு, குறிப்பாக முதியோருக்கும் ஸ்டீரொயிட் குளிசை எடுப்போருக்கும், காய்ச்சல்கூட இராது; குளிர் நடுக்கமும் சோர்வும் தடுமாற்றமும் மட்டுமே இருக்கும்.

வீட்டில் நடப்பது என்ன? இரவு பதினொரு மணிக்கு உடம்பு சுடுகிறது. "இந்த நேரத்தில ஆரைக் கரைச்சல்படுத்துறது? விடியட்டும், பாப்பம்" என்று இரண்டு பனடோல் கொடுத்துப் படுக்கவைக்கிறார்கள். பனடோல் சூட்டைத் தணிக்கும், கிருமியைத் தொடாது. காலையில் வெப்பமானி சாதாரண அளவைக் காட்டும். உள்ளே நோய் முற்றிக்கொண்டிருக்கும்.

பிரித்தானியாவில் மருந்தேற்றும் ஒவ்வொரு நோயாளிக்கும் 24 மணி நேரமும் அழைக்கக்கூடிய தொலைபேசி எண்ணும், அவசர அட்டையும் கொடுக்கப்படுகின்றன. எந்த வெப்பநிலையில் அழைக்கவேண்டும் என்பதும் கூறப்பட்டிருக்கும். சில வைத்தியசாலைகள் 37.5 பாகை செல்சியஸ் என்கின்றன. சில 38 என்கின்றன. 36க்குக் கீழே போனாலும் அழைக்குமாறு சொல்வதுண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் நள்ளிரவானாலும் அழைக்கவேண்டும். முதலில் அழைப்பு, பனடோல் அவர்கள் சொன்னாற் பின்பு. வைத்தியசாலைக்குப் போனதும் "புற்றுநோய்க்கு மருந்தேற்றியவர்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி அட்டையைக் காட்டவேண்டும். அப்படிச் சொன்னால் வரிசையிற் காக்கவைக்காமல், ஒரு மணி நேரத்துக்குள் நாளத்தின் வழியே கிருமிகொல்லி மருந்து கொடுக்க முயல்வார்கள். நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலானோர் தப்பிவிடுகின்றனர்.

ஆகையால் மருந்தேற்றத் தொடங்குமுன் வீட்டில் வாங்கிவைக்கவேண்டிய முதற்பொருள் நல்ல வெப்பமானி. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது.

குமட்டலும் சத்தியும்

ஒரு காலத்தில் சிஸ்பிளாட்டின் என்றாலே சத்தி என்று அஞ்சினார்கள். தடுப்பு மருந்து கொடாவிட்டால் பத்துப்பேரில் ஒன்பது பேருக்கு மேல் சத்தியெடுப்பார்கள். 1990களின் தொடக்கத்தில் ஒண்டான்செட்ரோன் என்ற மருந்து பாவனைக்கு வந்ததும் நிலைமை மாறியது. அதன்பின் அப்றெப்பிற்றன்ற் முதலியவை வந்தன. இன்று மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துச் சத்தியைப் பெருமளவு தடுக்கலாம்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிஸ்பிளாட்டினால் வரும் சத்தி இருமுறை வரும். முதலாவது அன்றைக்கே வருவது. இரண்டாவது, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடைந்து ஐந்து நாள்வரை நீடிப்பது. முதல் நாள் ஒன்றும் இல்லையென்று மகிழ்ந்து குளிசைகளை நிறுத்துபவர்கள் மூன்றாம் நாள் அல்லற்படுகிறார்கள். எத்தனை நாளைக்கு எழுதிக் கொடுத்தார்களோ அத்தனை நாளும் குமட்டல் வருமுன்பே விழுங்கவேண்டும்.

ஒலான்சபைன் என்ற குளிசையைக் கொடுத்தால், பெட்டியிலுள்ள தாளில் அது மனநோய்க்கு உரியதென்று இருப்பதைப் படித்து வீட்டார் திகைப்பதுண்டு. குறைந்த அளவில் அது குமட்டலையும் நன்றாக அடக்கும். அதற்காகவே கொடுக்கப்படுகிறது. ஒளித்துவைக்கத் தேவையில்லை. ஒண்டான்செட்ரோன் மலச்சிக்கலை உண்டாக்கும். நோவுக்கும் இருமலுக்கும் கொடுக்கும் கோடின், மோர்பின் ஆகியவையும் அப்படியே. மூன்று நாள் மலம் போகாவிட்டால் வெட்கப்படாமல் சொன்னால் அதற்கும் மருந்துண்டு. மாறாக, ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு தடவை கூடுதலாக வயிற்றாலே போனாலோ, குடித்த நீரும் வயிற்றில் தங்காவிட்டாலோ அன்றைக்கே அழைக்கவேண்டும்.

உணவும் நீரும்

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. அதனாற்றான் மருந்தோடு உப்புநீரையும் நாளத்தில் ஏற்றுகிறார்கள். வீட்டுக்கு வந்தபின்பும் முதல் இரண்டொரு நாள், நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் அளவு நீராகாரம் உள்ளே போவது நல்லது. இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் தம் அளவைக் கேட்டறிய வேண்டும். வெறுந்தண்ணீர் வெறுத்தால் மோர், இளஞ்சூட்டுச் சொதி, கஞ்சி, பழரசம் ஆகியவையும் கணக்கிற் சேரும்.

நோய் என்றதும் பத்தியம் என்று முட்டை, பருப்பு, பால், மீன் எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் ரசமும் சோறும் கொடுப்பது தவறு. நுரையீரற் புற்றுநோய் இயல்பாகவே உடம்பை உருக்குவது. புரதம் குறைந்தால் தசை கரையும். அடுத்த தடவை மருந்தைத் தாங்கும் வலு இராது. மூன்று வேளைப் பெருஞ்சாப்பாட்டுக்குப் பதிலாக இரண்டு மணிக்கு ஒருமுறை சிறிதளவு கொடுக்கலாம். இடியப்பமும் பாற்சொதியும், இட்டலி, பருப்புக் கஞ்சி, அவித்த முட்டை, பாலிற் கரைத்த சத்துமா எல்லாம் நல்லவை. சமையல் மணமே குமட்டுமானால் ஆறிய உணவு ஒத்துக்கொள்ளும். ஆனால் குளிர்ப்பெட்டியில் வைத்து ஆறியதாக இருக்கவேண்டும். வெளியே கிடந்து ஆறியதாக இருக்கக்கூடாது.

வாய் புண்ணானால் உறைப்பையும் புளியையும் சிலநாள் விலக்கவேண்டும். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதிற் பாதியளவு உப்பும் கரைத்து நாளுக்குப் பலமுறை கொப்புளித்தால் இதமாயிருக்கும். மென்மையான பற்தூரிகை வேண்டும். மதுசாரம் கலந்த வாய்கழுவும் திரவம் எரிவைக் கூட்டும்.

விரதமும் பிரசாதமும்

கந்தசஷ்டி ஆறு நாளும், வெள்ளிக்கிழமை தோறும் விரதமிருந்தவர்கள் மருந்தேற்றும் காலத்திலும் அதைக் கைவிட மனம் ஒப்பமாட்டார்கள். நீர் அருந்தாத விரதம் சிறுநீரகத்துக்கு நேரடித் தீங்கு. நோயுற்றவர் விரதத்திலிருந்து விலகுவதை எந்தச் சமயப் பெரியாரும் குற்றமாகச் சொல்வதில்லை. இவ்விஷயத்தில் நோயாளியின் மனத்தை ஆறுதற்படுத்த வைத்தியர் சொல்வதைவிடக் குருக்கள் ஒரு வார்த்தை சொல்வது அதிகம் பலனளிக்கும்.

கோயிலுக்குப் போகவே கூடாது என்பதில்லை. அடுத்த மருந்துக்கு முந்திய வாரத்தில், கூட்டமில்லாத வேளையிற் போகலாம். வெண்கலங்கள் குறைந்திருக்கும் இரண்டாம் வாரத்தில் திருவிழா நெரிசலைத் தவிர்ப்பது புத்தி. மூடிய மண்டபத்தில் கற்பூர, சாம்பிராணிப் புகை நிறைந்திருந்தால் இருமல் கூடும். கதவோரமாக நிற்பது நல்லது.

சோறு விரைவிற் கெடும் உணவு. வெந்த சோற்றில் மிஞ்சியிருக்கும் கிருமிவித்துகள், வெளியே வைத்தால் மீண்டும் பெருகும். மறுபடி சூடாக்கினாலும் அவை உண்டாக்கிய நஞ்சு அழியாது. ஆகவே காலையில் வடித்து மாலைவரை பாத்திரத்தில் இருந்த பொங்கலையும் புளிச்சாதத்தையும், வீட்டிற் பழஞ்சோற்றையும் இக்காலத்தில் விலக்கவேண்டும். அன்பர்கள் வீட்டுக்குப் பிரசாதம் கொண்டுபோவதானால் தோலுரித்து உண்ணும் வாழைப்பழமோ உலர்ந்த கற்கண்டோ போதும்.

நோயாளியைப் பார்க்க வருவோருக்கும் கடமையுண்டு. தடிமன், இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் தொலைபேசியில் நலம் விசாரித்தாற் போதும். கொப்புளிப்பான் கண்ட பிள்ளையோடு நோயாளி பழகியிருந்தால் அதையும் உடனே வைத்தியசாலைக்கு அறிவிக்கவேண்டும்.

சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு

தமிழ்க் குடும்பங்களில் நீரிழிவு மலிந்திருப்பதால் இதைத் தனியே சொல்லவேண்டும். சத்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கக் கொடுக்கும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் குருதியிற் சர்க்கரையைச் சட்டென்று உயர்த்தும். இதுவரை சர்க்கரை இல்லாதவருக்கும் உயரலாம். அந்த நாட்களில் அடிக்கடி அளந்து பார்க்கவேண்டும். மிகுந்த தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் தெரிவிக்கவேண்டும். சாப்பிட முடியாத நாளில் வழக்கமான இன்சுலினையும் குளிசையையும் எப்படி மாற்றுவது என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதிவைப்பது நல்லது. இந்த ஸ்டீரொயிட் தூக்கத்தையும் கெடுக்கும். வைத்தியர் சம்மதித்தால் காலையிலும் நண்பகலிலும் எடுத்தால் இரவு உறக்கம் வரும்.

பெமெட்றெக்செட் பெறுவோர் போலிக் அமிலக் குளிசையும் பீ12 ஊசியும் எடுக்கவேண்டும். சாதாரண விற்றமின்தானே என்று விட்டுவிட்டால் வாய்ப்புண்ணும் குருதிக்குறைவும் கடுமையாகும். மருந்துக்கு முன்பே தொடங்கி, கடைசி மருந்து முடிந்து மூன்று வாரம்வரை குளிசையைத் தொடர வேண்டும்.

விறைப்பு, காதிரைச்சல், களைப்பு

விரல் நுனியில் விறைப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் சிஸ்பிளாட்டினாலும் பக்ளிற்றாக்சலினாலும் வரும். சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை, செருப்புக் கழன்றது தெரியவில்லை என்பன தொடக்க அறிகுறிகள். காதில் இரைச்சல், கேள்வி மந்தம் ஆகியவை சிஸ்பிளாட்டினால் வரும். முற்றினால் இவை மாறாமலே தங்கிவிடலாம். தொடக்கத்திற் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். "சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள்" என்ற அச்சத்தாலேயே பலர் மறைக்கிறார்கள். அளவைச் சீர்செய்வதும் ஒரு வாரம் தள்ளிப்போடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. தோல்வி என்று கொள்ளவேண்டியதில்லை.

களைப்பு எல்லோருக்கும் உண்டு. முழுநாளும் படுக்கையிற் கிடந்தால் அது கூடும். தினமும் வீட்டைச் சுற்றிச் சிறிது நடப்பது அதைக் குறைக்கும். முடி உதிர்வது எட்டோபோசைட், பக்ளிற்றாக்சல் போன்ற மருந்துகளால், திரும்ப முளைக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி நோவது குருதி உறைந்ததற்கு அறிகுறியாகலாம். புற்றுநோயும் சிஸ்பிளாட்டினும் இந்த ஆபத்தைக் கூட்டுபவை. ஆகவே ஊருக்கு நெடும்பயணம் போக எண்ணுவோர் சீட்டுப் போடுமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு நோவோ வந்தால் 999.

நாட்டுமருந்து

அன்பின் காரணமாகவே உறவினர் வேர்களையும் பொடிகளையும் ஊரிலிருந்து அனுப்புகிறார்கள். கறிக்குப் போடும் மஞ்சளாலும் இஞ்சியாலும் தீங்கில்லை. செறிவூட்டிய மாத்திரைகளும் பொடிகளும் வேறு விஷயம். சீந்திற்கொடி கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் இந்தியாவிலேயே பதிவாகியுள்ளன. கிறேப்புறூட் பழமும் பம்பளிமாசும் சில மருந்துகளைக் கல்லீரல் கழிக்கும் வேகத்தை மாற்றிவிடும். அஸ்பிரின், ஐபுபுறோபன் குருதிப்போக்கையும் சிறுநீரகக் கேட்டையும் கூட்டலாம். எதை எடுத்தாலும் மறைக்காமல் அந்தப் போத்தலையே வைத்தியரிடம் காட்டுவது நல்லது. திட்டுவார்கள் என்று அஞ்சி மறைத்தால், கல்லீரல் கெட்டதன் காரணம் தெரியாமல் நல்ல மருந்தை நிறுத்த நேரிடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இன்று பலருக்கு நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்பிறோலிசுமாப் போன்ற மருந்தும் சேர்த்துத் தரப்படுகிறது. அதன் பக்கவிளைவு உடம்பு தன்னையே தாக்குவது. வயிற்றோட்டம், புதிய இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை மருந்து நின்று பல மாதத்தின் பின்னும் வரலாம். அப்போதும் அதே எண்ணைத்தான் அழைக்கவேண்டும்.

யார் வாயால் சொல்வது?

ஆங்கிலம் தெரியாத தாய்தந்தையருக்காகப் பிள்ளைகளே பேசுகிறார்கள். தாய் "இரவெல்லாம் நித்திரையில்லை, நெஞ்சு இறுக்குது" என்று சொன்னதை மகன் "கொஞ்சம் களைப்பாம்" என்று சுருக்கிவிடுகிறான். வைத்தியர் சொன்ன கடினமான செய்தியையும் பாதியாக்கித் தாயிடம் சொல்கிறான். நோக்கம் நல்லதே. ஆனால் இரு திசையிலும் உண்மை கசிந்துபோகிறது. என்.எச்.எஸ். வைத்தியசாலைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். இங்கிலாந்தில் 2009 ஏப்ரல் முதல் புற்றுநோயாளர் விலக்குச் சான்றிதழ் பெற்று மருந்துச்சீட்டுக் கட்டணமின்றி மருந்து வாங்கலாம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் எவருக்கும் அக்கட்டணம் இல்லை.

பரவிய நோயில் மருந்தின் நோக்கம் முழுக் குணமன்று. ஆயுளை நீட்டுவதும் தொல்லையைக் குறைப்பதுமே. அதை நோயாளி அறிய விரும்பினால் மறைக்கலாகாது. போதும் என்று அவர் சொன்னால் அதையும் செவிமடுக்கவேண்டும். நோவு தணிக்கும் வைத்தியக் குழு என்றதும் கைவிட்டுவிட்டார்கள் என்று பலர் கலங்குகிறார்கள். 2010இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பரவிய நுரையீரற் புற்றுநோயாளர் 151 பேரில், தொடக்கத்திலேயே அக்குழுவின் கவனிப்பும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்ததோடு, ஏறக்குறைய 3 மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். ஆகவே அக்குழுவை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது நல்லது.

வீட்டில் எழுதித் தொங்கவிட வேண்டியவை

1. வைத்தியசாலையின் 24 மணி நேரத் தொலைபேசி எண். வீட்டிலுள்ள எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் அது இருக்கட்டும்.

2. வெப்பமானியும் அழைக்கவேண்டிய வெப்ப அளவும். முதலில் அழைப்பு, பிறகே பனடோல்.

3. மருந்தேற்றிய தேதியும், ஏழாம் நாளும், பதினான்காம் நாளும் நாட்காட்டியில்.

4. ஒரு கொப்பி. தினமும் வெப்பநிலை, சத்தி, வயிறு, சாப்பாடு, நோவு, மூச்சு ஆகியவற்றை ஒவ்வொரு வரியில் எழுதி, அடுத்த சந்திப்புக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

5. மருந்தேற்றி முதல் 48 மணி நேரம் சத்தி, சிறுநீர், மலம் ஆகியவற்றைக் கையுறையின்றித் தொடாமை; மலகூடத்தை மூடியபின் நீர் விடுதல்.

சங்க அன்பர்களின் வீடுகளில் இந்நோய் வந்தால் உதவ நினைப்போர் பலர். சாப்பாடு சமைத்துக் கொடுக்கலாம். வைத்தியசாலைக்கு வாகனத்தில் ஏற்றிச் செல்லலாம். எல்லாவற்றிலும் மேலாக, நோயாளி "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது அருகில் அமர்ந்து இன்னொரு முறை கேட்கலாம். இரண்டாம் முறை கேட்டபின்பே பலர் வாய்திறந்து உள்ளதைச் சொல்கிறார்கள்.